ஒன்பதுக்கு ஒன்பது

கருங்கல் சந்தையில் வாழைக்குலை வியாபாரம் செய்யும் ரசலையனுக்கு யார்மேலும் நம்பிக்கை கிடையாது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஏத்தன் குலையின் மேல்சீப்பைப் பளபளவென்று காட்டிவிட்டு அடிச்சீப்பில் பிஞ்சை மறைக்கிறவர்களோடு முப்பது வருடம் பழகியவர். கல்யாணப் பத்திரிகை வந்தால்கூட அதன் முதுகுப்பக்கத்தைத்தான் முதலில் பார்ப்பார். அப்படிப்பட்டவர் ஒருநாள் காலையில் கக்கூசில் குனிந்து பார்த்தபோது ரத்தம் தெரிந்தது. அன்றைக்கு, முந்தின இரவு தின்ற சிவந்த செந்துளுவன் பழத்தைச் சந்தேகப்பட்டார். மறுநாள் மனைவி ஜெபகனி வைத்த பீட்ரூட் தோரனைச் சந்தேகப்பட்டார். மூன்றாம் நாள் சந்தேகப்பட எதுவும் மிச்சமிருக்கவில்லை.

அவருடைய அண்ணனுக்கும் நான்கு வருடத்துக்கு முன்னால் இப்படித்தான் தொடங்கியது. மூலம் என்று தானே முடிவு செய்து ஆறு மாதம் களிம்பு தடவினார். குடலில் புற்று என்று தெரிந்தபிறகு இருபது நாள்தான் இருந்தார்.

"பிள்ளே, எனக்கும் அண்ணனுக்க தீனந்தானோ?" என்று ரசலையன் கேட்டார்.

"எனக்கு என்ன தெரியும்? கேமரா விட்டுப் பாத்தா தெரியும்" என்றாள் ஜெபகனி. சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போய்க் கொஞ்சநேரம் வெளியே வரவில்லை.

பக்கத்து டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்தார். குடலைச் சுத்தம் செய்து, உள்ளே கேமரா விட்டுப் பார்க்கவேண்டும், நாள் கடத்தக்கூடாது என்றார். அப்படித்தான் இருவரும் வெண்பாறை மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

மற்ற ஆஸ்பத்திரிகளில் வாசலில் டாக்டர்களின் பெயர் இருக்கும், அல்லது வேதவசனம் இருக்கும். வெண்பாறையில் சிவப்பு எழுத்து ஓடும் பலகை ஒன்று இருந்தது. 'இன்றைய சராசரிக் குடல் சுத்தம்: 8.7' என்று அது இரவும் பகலும் சொல்லிக்கொண்டிருந்தது. நல்ல எண்ணத்தில் தொடங்கியதுதான். குடலில் அழுக்கு கிடந்தால் கேமராவுக்குக் கட்டி தெரியாது. அதனால் நோயாளிகளை நன்றாகச் சுத்தமாகி வரச் செய்யவேண்டும் என்று மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு குழு போட்டார்கள். குழு வளர்ந்தது. உணவு ஆலோசகர், திரவ ஒருங்கிணைப்பாளர், நிறப் பரிசோதகர், நிறப் பரிசோதகரைப் பரிசோதிக்கிறவர் என்று இப்போது பதினான்கு பேர். கேமரா விடுகிற டாக்டர் ஒரேயொருவர்தான். அவரும் வாரத்தில் இரண்டு நாள்தான் வருவார்.

முதல் நாள் வகுப்பு. வாரச்சந்தைக்கு வந்ததுபோல நாற்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். குடல் சுத்த மேம்பாட்டு அதிகாரி எட்சன் மேடையேறினார். டை கட்டிய, சிரித்த முகமுள்ள மனிதர்.

"அன்பானவர்களே, ஒரு காலத்தில் இந்தக் கட்டடத்துக்குள் அசுத்தமான குடல்கள் தாராளமாக வந்துபோயின. இன்று அந்த நிலை இல்லை. பெருங்குடலை நாங்கள் மூன்று பகுதியாகப் பிரித்திருக்கிறோம். பகுதிக்கு மூன்று மார்க். ஆக மொத்தம் ஒன்பது. நீங்கள் பள்ளிக்கூடத்தில் எடுத்த மார்க்கைப் பற்றி எங்களுக்குக் கவலையில்லை, அது உங்கள் சொந்த விஷயம். இது ஆஸ்பத்திரியின் மார்க். ஆகவே கவனமாக எடுக்கவேண்டும்."

ரசலையன் கையைத் தூக்கினார். "சாரே, ஒரு சம்சயம். மார்க் போடுதது சரி. உள்ள வல்ல கட்டியும் இருந்தா அத ஆரு பாப்பா?"

"அருமையான கேள்வி. கையேட்டில் பதினாறாம் பக்கம் பாருங்கள்."

ரசலையன் பதினாறாம் பக்கத்தைப் புரட்டினார். 'குறிப்புகளுக்காக' என்று தலைப்புப் போட்டு, கீழே வெறுமையாக விட்டிருந்தார்கள். அவர் தாளை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். அப்போதும் ஒன்றும் தெரியவில்லை.

பிறகு எல்லோரும் எழுந்து வயிற்றில் வலதுகையை வைத்து, 'என் குடல், என் பொறுப்பு' என்று மூன்றுமுறை உறுதிமொழி எடுத்தார்கள். ரசலையன் உதட்டை மட்டும் அசைத்தார்.

அவருக்குத் திங்கட்கிழமை நாள் குறித்தார்கள். மூன்று நாளைக்குச் சம்பா அரிசிச் சோறு கூடாது, கீரை கூடாது, விதையுள்ள எதுவும் கூடாது. ஞாயிற்றுக்கிழமை தெளிந்த பானம் மட்டும். சாயங்காலம் ஒரு லிட்டர் மருந்துத் தண்ணீர், திங்கள் விடியக்காலம் இன்னொரு லிட்டர். ஒவ்வொரு முறை போய்விட்டு வரும்போதும் அதைப் படம்பிடித்து ஆஸ்பத்திரியின் வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பவேண்டும். குழுவின் பெயர் 'தெளிந்த நீரோடை'. ரசலையன் அவசரத்தில் முதல் படத்தை வாழைக்குலை வியாபாரிகள் சங்கக் குழுவுக்கு அனுப்பிவிட்டார். 'கருப்பட்டிப் பாகு கொள்ளாம், எந்த ஊரு?' என்று ஒருவர் கேட்டிருந்தார். ரசலையன் படத்தை அழித்துவிட்டார். ஆனால் ஐந்தாவது படத்துக்குள் எல்லாம் தெளிந்துவிட்டது. அதில் லேசாக ஒரு ரோஸ் நிறம் இருந்தது என்பது வேறு விஷயம்.

திங்கள் காலை நர்ஸ் ஜினிஷா படிவத்தை நீட்டினாள். சின்னப் பெண். முகத்தில் தூக்கம் போதாத களைப்பு. அறுபத்திரண்டு கேள்விகள் இருந்தன. முப்பத்தொன்றாவது கேள்வி: 'கடந்த இருபத்து நான்கு மணி நேரத்தில் சிவப்பு நிறப் பானம் ஏதேனும் அருந்தினீர்களா?'

ரசலையனின் பேனா நின்றது. முந்தின நாள் மாதத்தின் முதல் ஞாயிறு. சபையில் திருவிருந்து. மண்டியிட்டு அப்பமும் திராட்சரசமும் வாங்கியிருந்தார். விரல்மொத்தக் கிண்ணத்தில் ஒரு மடக்கு. அதுவும் காலை பத்தரை மணிக்கு. இருபத்து நான்கு மணி நேரம் முடிய இன்னும் அரைமணி நேரம் கிடந்தது.

"இல்லன்னு எழுதுங்க மாமா" என்று ஜினிஷா குரலைத் தாழ்த்தினாள். "ஒரு மடக்குதானே. அது எப்பவே போயிருக்கும்."

ரசலையன் அவளை ஏற இறங்கப் பார்த்தார். இப்படித் தணிந்த குரலில் பேசுகிறவர்களைச் சந்தையில் அவர் நம்பியதில்லை. அதைவிடப் பெரிய சங்கடம் ஒன்றும் இருந்தது. "திருவிருந்து எடுக்கல்லன்னு எனக்க கையால எழுதி ஒப்புப் போடணுமா? அது மட்டும் முடியாது மோளே."

'ஆம்' என்று எழுதினார். 'விவரம்' என்ற கட்டத்தில் 'கிறிஸ்துவின் இரத்தம்' என்றும் எழுதினார். சபையில் அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

எட்சன் அதை இரண்டுமுறை படித்தார். "இதை நான் தனியாக முடிவு செய்ய முடியாது" என்றார்.

குழு கூடியது. ஒன்பது நாள் விவாதித்தது. திராட்சரசம் பானமா, சடங்கா என்பது முதல் கேள்வி. பானம் என்றால் விதிமீறல். சடங்கு என்றால் படிவத்தில் சடங்குக்குக் கட்டம் இல்லை. உட்கொண்டபிறகும் அது சிவப்பாகவே இருக்கிறதா என்று திரவ ஒருங்கிணைப்பாளர் ஒரு துணைக்கேள்வி எழுப்பினார். அதை ஒரு துணைக்குழுவுக்கு அனுப்பினார்கள். கடைசியில், திருவிருந்து எடுத்த நோயாளிகள் அதன் அளவையும் நிறத்தையும் குறித்துப் போதகரிடம் கடிதம் வாங்கி வரவேண்டும் என்று தீர்மானமாயிற்று. போதகர் கடிதத்தில் அளவு சிறியது, நன்மை பெரியது என்று எழுதியிருந்தார். அதைக் கோப்பில் வைத்தார்கள்.

அந்தத் திங்கட்கிழமையே கேமரா விடாமல் அவரைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். திரும்பி வரும்போது பஸ்ஸில் ரசலையன் ஆஸ்பத்திரிக்காரர்களை வழிநெடுகத் திட்டிக்கொண்டு வந்தார். ஆனால் உள்ளுக்குள் ஒரு சின்ன நிம்மதி இருந்தது. இன்றைக்கு ஒன்றும் தெரியவில்லை. தெரியாதவரைக்கும் ஒன்றும் இல்லை. எல்லாவற்றையும் திருப்பிப் போட்டுப் பார்க்கிற மனிதருக்குத் தன் வயிற்றைத் திருப்பிப் பார்க்க மட்டும் பயமாக இருந்தது.

இரண்டாம் முறை எல்லாம் விதிப்படி நடந்தது. முதல் ஞாயிறு வராத வாரமாகப் பார்த்து நாள் வாங்கினார்கள். சுக்குக் காப்பியைக்கூட வடிகட்டித் தெளிய வைத்துக் குடித்தார். காலையில் நிறப் பரிசோதனை மேசை முன்னால் நின்றார். மேசையில் பெயிண்ட் கடை அட்டைபோல ஒன்று. கரும்பழுப்பில் தொடங்கி வெளிறிய மஞ்சளில் முடிகிற ஆறு கட்டங்கள். ஆறாவது கட்டத்துக்குப் பொருந்தினால்தான் கேமரா அறைக்குள் போகலாம்.

ரசலையன் கொண்டுவந்த குப்பியை எட்சன் அட்டையில் ஒவ்வொரு கட்டத்தின் மேலும் வைத்துப் பார்த்தார். எதிலும் பொருந்தவில்லை.

"இது ரோஸ் கலரா இருக்கு."

"ரத்தம் சாரே. அத காட்டதுக்குத்தானே வந்தேன்."

"எங்கள் அட்டையில் ரோஸ் கிடையாது."

"அட்டையில இல்லன்னா எனக்க வயித்துலயும் இல்லன்னா சொல்லுதீங்க?"

"அப்படிச் சொல்லவில்லை. ரத்தம் நின்றபிறகு வாருங்கள் என்று சொல்லுகிறேன்." படிவத்தில் 'ஒத்துழைக்காதவர்' என்று முத்திரை குத்தினார்.

இந்தமுறை ஜெபகனி விடவில்லை. கணவரை இழுத்துக்கொண்டு மேலதிகாரி டாக்டர் அனில்குமாரின் அறைக்குள் போய்விட்டாள். அறை முழுக்க வரைபடங்கள். எல்லாக் கோடுகளும் மேல்நோக்கி ஏறிக்கொண்டிருந்தன. அனில்குமார் இருவரையும் உட்காரச் சொன்னார். டீ சொல்லட்டுமா என்று கேட்டு, ரசலையனின் நிலையை நினைத்து, வேண்டாம் என்று தானே முடிவு செய்துகொண்டார்.

"உங்க கவலை எனக்குப் புரியுது. ஆனா எங்க பக்கமும் பாருங்க. உங்களை இப்படியே உள்ளே விட்டா ஆறு மார்க்தான் வரும். இந்த மாசச் சராசரி எட்டரைக்குப் போயிடும். இதுக்காகப் பதினாலு பேர் ராப்பகலா உழைக்கிறாங்க. அவங்களுக்கும் குடும்பம் இருக்கு. இன்னொண்ணு சொல்றேன். போன வருசம் இங்கே நானூற்றுப் பன்னிரண்டு பேருக்குக் கேமரா விட்டோம். ஒருத்தருக்காவது புற்று இருந்துதா? இல்லை. ஒருத்தருக்குக்கூட இல்லை. சுத்தம்னா என்னன்னு இதுலேருந்து தெரிஞ்சுக்கலாம்."

"ரத்தம் போறவிய எல்லாரையும் வாசல்லயே திருப்பி அனுப்பினா பின்ன எப்படி இருக்கும்?" என்று கேட்டாள் ஜெபகனி.

அனில்குமாரின் முகம் மலர்ந்தது. "அதைத்தாம்மா நாங்க தரம்னு சொல்றோம்."

வெளியே வந்ததும் ஜெபகனி நடைபாதையிலேயே நின்றுவிட்டாள். "வேற ஆஸ்பத்திரிக்குப் போவலாம். இப்பமே போவலாம்."

"பாப்போம்" என்றார் ரசலையன். "சீட்டு இஞ்சதானே எழுதியிருக்கு."

"சீட்டா? உள்ள பாக்கதுக்கு உங்களுக்குப் பேடி. இவனுவ திருப்பி அனுப்பும்போ உங்களுக்கு உள்ளுக்குள்ள சந்தோசமா இருக்கு. நான் பாத்துட்டுத்தான் இருக்கேன். அண்ணன் களிம்பு தடவினாரு. நீங்க படிவம் எழுதுதீங்க. வேற வித்தியாசம் ஒண்ணும் இல்ல."

ரசலையன் தலையைக் குனிந்துகொண்டார். சந்தையில் யாரும் அவரை இப்படிப் பிடித்ததில்லை.

ஆனால் வேறு ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன்னால் வெண்பாறையிலிருந்தே போன் வந்தது. எட்சன் பேசினார். குரலில் தேன் வழிந்தது. ஆஸ்பத்திரிக்குத் தரச்சான்று கொடுக்க வெளியூரிலிருந்து ஒரு குழு வருகிறதாம். அவர்கள் கண்முன்னால் ஒரு குடலைக் காட்டவேண்டும். வழக்கமாக இதற்கென்று ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இருந்தார். அவருக்கு எந்த நோயும் கிடையாது. ஏழுமுறை ஒன்பது மார்க் எடுத்தவர், சராசரியைத் தூக்கி நிறுத்துவதற்காகவே கூப்பிடப்படுகிறவர். அவர் மருமகளின் அண்ணன் கல்யாணத்துக்குப் போய் பிரியாணி சாப்பிட்டுவிட்டாராம்.

"இப்போது ரத்தம் எப்படி?" என்று எட்சன் கேட்டார்.

"ரெண்டு நாளா காணல்ல."

"கர்த்தருக்கு ஸ்தோத்திரம்" என்றார் எட்சன்.

எதிலோ உள்குத்து இருக்கிறது என்று ரசலையனுக்குத் தோன்றியது. ஆனால் ஜெபகனி அதற்குள் பையை எடுத்து வைத்துவிட்டாள்.

இரண்டு லிட்டர் போதாது என்று நாலு லிட்டர் கொடுத்தார்கள். ஜினிஷா பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு டம்ளராக நீட்டினாள். "குமட்டுதுன்னா கொஞ்சம் நடங்க மாமா" என்றாள். நடந்தார். திரும்பி வந்து குடித்தார். கடைசியில் வெளியே வந்தது ஓடைத் தண்ணீரைவிடத் தெளிவாக இருந்தது. நிறப் பரிசோதகர் அதன் மறுபக்கத்தில் கையேட்டைப் பிடித்து வாசித்துக் காட்டினார்.

ரசலையனைப் பக்கவாட்டில் படுக்கவைத்து ஊசி போட்டார்கள். தரச்சான்றுக் குழுவில் வந்த, கோட்டு போட்ட நாலுபேர் திரையின் முன்னால் நின்றார்கள். ரசலையனுக்குப் பாதி மயக்கம். எங்கோ தண்ணீர் பீய்ச்சும் சத்தம். "இன்னொருக்கா கழுவுங்க" என்று எட்சனின் குரல். மறுபடி தண்ணீர். மறுபடி. பிறகு திடீரென்று எல்லோரும் கைதட்டினார்கள். நல்ல சேதியாக்கும் என்று நினைத்து ரசலையன் மயக்கத்திலேயே அழுதார்.

கண்விழித்தபோது பக்கத்து அறையில் கேக் வெட்டிக்கொண்டிருந்தார்கள். எட்சன் ஓடிவந்து கையைப் பிடித்துக் குலுக்கினார். கையில் ஒரு தாள் கொடுத்தார். வலது பகுதி மூன்று. நடுப் பகுதி மூன்று. இடது பகுதி மூன்று. 'கண்டவை' என்ற இடத்தில் எட்சனே 'சுத்தம்' என்று எழுதியிருந்தார்.

"தீனம் ஒண்ணும் இல்லல்லா?" என்று ஜெபகனி கேட்டாள்.

"ஒன்பதுக்கு ஒன்பது அம்மா! இதற்குமேல் என்ன வேண்டும்?"

ஜெபகனி தாளை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அன்று சாயங்காலம் மூன்று வீட்டுக்கு மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் கொடுத்தனுப்பினாள். ரசலையன் ஒரு வாரம் நிம்மதியாகத் தூங்கினார். எட்டாம் நாள் காலையில் மறுபடி ரத்தம் தெரிந்தது.

இந்தமுறை பழத்தையும் பீட்ரூட்டையும் அவர் சந்தேகப்படவில்லை. பதினோராம் நாள், தரச்சான்று கிடைத்த விழாவுக்கு வரச்சொல்லி அழைப்பு வந்தபோது சட்டை மாற்றிக்கொண்டு தானாகவே கிளம்பினார். ஜெபகனிதான் ஓடிவந்து பஸ் ஏறவேண்டியிருந்தது.

வரவேற்பறைச் சுவரில் பட்டுத்துணி மூடிய ஒரு படம். அனில்குமார் கயிற்றை இழுத்தார். துணி விழுந்தது. ரசலையனின் குடல் வண்ணத்தில், கண்ணாடி போட்டு, வீட்டுக்கதவின் பாதி அகலத்தில் சுவரில் தொங்கியது. கீழே தங்க எழுத்தில் 'முழுமையான சுத்தம்'. அனில்குமார் ரசலையனுக்குப் பொன்னாடை போர்த்தினார். "இந்த எளிய மனிதரின் குடல் இன்று நம் அனைவருக்கும் முன்மாதிரி" என்றார். கூட்டம் கைதட்டியது.

ரசலையன் படத்தின் பக்கத்தில் போனார். மூக்கு கண்ணாடியில் முட்டும் தூரம். மேலிருந்து பார்த்தார், கீழிருந்து பார்த்தார். ரோஸ் நிறச் சுவர், வழுவழுப்பு, பளபளப்பு. இடதுபக்கம் கீழே, ஒரு மடிப்புக்குப் பின்னால், குலையில் அடிச்சீப்புப் பிஞ்சு ஒளிந்திருக்கும் இடத்தில், புன்னைக்காய் அளவுக்கு ஒன்று துருத்திக்கொண்டிருந்தது. மேலே கரகரப்பு. ஓரத்தில் கறுப்பு.

"இது என்ன?" என்று கேட்டார்.

எட்சன் எட்டிப் பார்த்தார். முகத்தில் ஒரு கலக்கமும் இல்லை. "ஓ, அதா. நாங்களும் முதலில் அழுக்கு என்றுதான் பயந்தோம். மூன்றுமுறை தண்ணீர் பீய்ச்சிக் கழுவிப் பார்த்தோம். போகவில்லை. அழுக்கு என்றால் போயிருக்கும். அதனால் மார்க் குறைக்கவில்லை."

ஜெபகனி சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

ரசலையனின் கை தன் வேலையைச் செய்தது. பொன்னாடையைக் கழற்றி நாற்காலியில் போட்டார். குலையை இறக்குவதுபோல இரண்டு கையாலும் படத்தைத் தாங்கி ஆணியிலிருந்து எடுத்தார்.

"சார், அது ஆஸ்பத்திரிச் சொத்து" என்றார் எட்சன். "எடுத்துப்போவதற்கு ஒரு படிவம் இருக்கிறது."

"எழுந்திரு பிள்ளே" என்றார் ரசலையன். "திருவனந்தபுரத்துக்குப் போவோம்."

படத்தை அவர் ஒருபக்கமும் ஜெபகனி ஒருபக்கமுமாகப் பிடித்துக்கொண்டார்கள். வாசல் காவலாளி குறுக்கே வந்தபோது ஜினிஷா எங்கிருந்தோ வந்து கண்ணாடிக் கதவைத் திறந்து பிடித்தாள். யாரையும் பார்க்காமல் வெளியே பார்த்துக்கொண்டு நின்றாள்.

திருவனந்தபுரத்து டாக்டர் பெரிய படத்தை மேசையில் சாய்த்துவைத்து நெடுநேரம் பார்த்தார். இவ்வளவு தெளிவாக ஒரு குடலைத் தான் பார்த்ததே இல்லை என்றார். எப்போது எடுத்தது என்று கேட்டார். பதினோரு நாள் ஆயிற்று என்றார்கள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்த வாரமே அறுவைசிகிச்சை நடந்தது. கட்டி குடல்சுவரைத் தாண்டவில்லை. இன்னும் மூன்று மாதம் படிவம் எழுதிக்கொண்டிருந்தால் தாண்டியிருக்கும் என்று பிறகு சொன்னார்கள்.

அறுவைசிகிச்சை முடிந்த நாலாம் நாள் வெண்பாறையிலிருந்து எட்சன் கூப்பிட்டார். ஜெபகனிதான் எடுத்தாள். சுவரில் அந்த இடம் காலியாகக் கிடக்கிறது, படம் எப்போது திரும்பிவரும் என்று பணிவாகக் கேட்டார்.

"அது புற்று சார்" என்றாள் ஜெபகனி. "வெட்டி எடுத்தாச்சு. உங்க ஆஸ்பத்திரி சுவர்ல தொங்கவிடுததுக்குன்னு பதினொரு நாள் நீங்க வச்சிருந்தது எங்க வீட்டுக்காரருக்க உயிரு."

எட்சன் 'ம்ம்' என்று இழுத்தார். யோசிக்கிறார் என்று தெரிந்தது.

"அப்படியானால் அந்த இடம் இப்போது இன்னும் சுத்தமாக இருக்குமே அம்மா" என்றார். "புதுப் படம் ஒன்று கிடைக்குமா?"

ஜெபகனி போனை அணைக்கவில்லை. கட்டிலில் கிடந்த ரசலையனின் காதில் கொண்டுபோய் வைத்தாள். எட்சன் அதையே மறுபடி கேட்டார். ரசலையன் கேட்டுக்கொண்டே கிடந்தார். பிறகு, இரண்டு மாதத்தில் முதல்முறையாக, குலுங்கிக் குலுங்கிச் சிரிக்க ஆரம்பித்தார். சிரித்தால் தையல் வலிக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வலித்தது. அவர் நிறுத்தவில்லை.